ரவுட்டரிற் செருகும் ஆளி



கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கேயுள்ள கட்டைபறிச்சான் போன்ற ஊர்களிலும் இன்று கூட்டுறவுக் கடை, அரிசி ஆலை, பாடசாலைக் கந்தோர் ஆகிய இடங்களிற் கணினி வந்துவிட்டது. ஒன்று இரண்டாகி, இரண்டு ஆறாகும்போது அவற்றை இணைக்கும் தேவை எழுகிறது. அப்பொழுது வியாபாரி வந்து, "உங்கள் ரவுட்டரிலேயே ஓர் ஆளி மொடியூலைச் செருகிவிடலாம், நாலு துறை உள்ளது வேண்டுமா, எட்டுத் துறை உள்ளது வேண்டுமா?" என்று வினவுவார். கணினிகளை விரல்விட்டு எண்ணி விடை கூறிவிடுவது நம்மவர் வழக்கம். அந்த எண்ணிக்கை மாத்திரம் போதாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஈதர்நெற் என்ற பெயரில் வானொலி நேயர்களுக்கு ஒரு சுவை உண்டு. ஒளியையும் வானொலி அலையையும் சுமக்கும் ஈதர் என்னும் பொருள் அண்டமெங்கும் நிறைந்திருப்பதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் நம்பினர். 1887 இல் மைக்கெல்சன், மோர்லி என்னும் இருவர் செய்த சோதனையில் அதன் தடயம் அகப்படவில்லை. இல்லாத அப்பொருளின் பெயரையே 1973 இல் ரொபேட் மெற்காப் என்னும் அமெரிக்கர் தமது வலையமைப்புக்குச் சூட்டினார். தொடக்கத்திலே கணினிகள் யாவும் ஒரே வடத்தைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று பேசுகையில் மற்றவை காத்திருந்தன. ஆளி வந்தபின் அந்நிலை மாறிற்று. விளக்கை ஏற்றி அணைக்கும் ஆளியினின்று இது வேறானது. வரும் செய்தியின் முகவரியைப் பார்த்து, அதற்குரிய துறைக்கு மாத்திரம் அதனை அனுப்புவதே இதன் தொழில். ரவுட்டரோ ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு வழிகாட்டுவது. நமது கந்தோரை வெளியுலகத்தோடு இணைப்பதும் அதுவே.

இவ்விரண்டும் ஒரே பெட்டிக்குள் அமையும்போது, செய்தி எவ்வழியாற் செல்கிறது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். கணக்காளரின் கணினிகளை ஒரு பிரிவாகவும், வாடிக்கையாளர் பயன்படுத்தும் கம்பியில்லா இணைப்பை இன்னொரு பிரிவாகவும் வகுப்பது நல்ல ஏற்பாடு. விலான் என்று இத்தகைய பிரிவைச் சொல்வார்கள். ஒரே பிரிவுக்குள் நடக்கும் பரிமாற்றத்தை மொடியூல் தானே விரைவாக முடித்துவிடும். பிரிவு விட்டுப் பிரிவு செல்வது மாத்திரம் ரவுட்டரின் வழியே சென்று திரும்பும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன், மூதூர்ப் பக்கத்திலிருந்து திருகோணமலைக்கு அவ்வழியாற் சென்றவர்கள் மிதவைப் பாதைக்குக் காத்து நின்றதை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கரையில் எத்தனை வண்டி நின்றாலும் பாதை ஏற்றுமளவே அக்கரை சேரும். அதுபோலவே, துறைகள் நொடிக்கு ஆயிரம் மெகாபிற்று வேகமுடையனவாயினும், பிரிவுகளுக்கிடையே ரவுட்டரின் ஆற்றலே எல்லை. இணையத்துக்கு நாம் வாங்கியிருப்பது இருபது மெகாபிற்று இணைப்பெனின், மொடியூலை மாற்றுவதால் அது இருபத்தொன்றாகிவிடாது. இதனை விற்பவர் பலர் சொல்வதில்லை.

அடுத்தது துறைக் கணக்கு. இங்கேதான் எண்ணுபவர் ஏமாறுவார். சிஸ்கோ நிறுவனம் 2004 இல் வெளியிட்ட 1841, 2800 வரிசை ரவுட்டர்களுக்கு நாலு துறை மொடியூல் ஒன்று இருந்தது. நாலு துறை போதாதென்று இரண்டைச் செருகினால் எட்டுக் கணினி இணைக்கலாமென்று தோன்றும். ஆனால் இரு மொடியூலும் ஒரே வலையமைப்பாக இயங்க வேண்டுமாயின், இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துறையை எடுத்து வெளியே ஒரு வடத்தால் இணைத்தல் வேண்டும். ஆகவே எஞ்சுவன ஆறே. ஒன்பது துறை மொடியூலும் உண்டு. அதற்கு இரட்டை அகலப் பொந்து தேவை, எல்லா ரவுட்டரிலும் அது இல்லை. பதினாறு துறையுள்ளது இன்னும் பெரிய வேறொரு பொந்தைக் கேட்கும். பின்வந்த 4000 வரிசைக்கான நாலு துறை, எட்டுத் துறை மொடியூல்கள் ஆயிரம் மெகாபிற்று வேகமுடையன. எனினும் அவை பழைய பொந்துகளிற் பொருந்தா. ஒரு குடும்பத்து மொடியூல் மற்றொரு குடும்பத்துக்கு உதவாமற் போகலாம். ரவுட்டரை மாற்றும் நாளில் மொடியூலையும் மாற்ற நேரலாம்.

மேசைத் தொலைபேசிகளுக்கும் காவற் கமராக்களுக்கும் அதே வடத்தின் வழியே மின்வலு கொடுக்க விரும்புவோர் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். 2003 இல் வந்த நியமப்படி ஒரு துறை கொடுக்கக்கூடியது 15.4 வாற்று, 2009 இல் வந்ததன்படி 30 வாற்று. எட்டுத் துறையும் முழு அளவிற் கேட்டால் முதலாம் நியமத்திலேயே 123 வாற்றுக்கு மேல் வேண்டும். அதற்கேற்ற மின்வழங்கி ரவுட்டருக்குள் இல்லையெனின், மொடியூலின் மேல் எழுதியிருப்பது எழுத்தாகவே இருக்கும். மின் தடைப்படும்போது யூ.பி.எஸ். தாங்கும் நேரமும் குறைந்துவிடும்.

இனி, என் மனத்தில் முதன்மையாக நிற்பது வேறொன்று. ஏப்பிரலிலும் ஒற்றோபரிலும் நம் பகுதியில் இடிமின்னல் மிகுதி. ஆலையிலிருந்து களஞ்சியத்துக்கு வெளியே இழுத்த செப்பு வடத்தில் மின்னலின் தாக்கம் ஏறினால் அது எதிலே சென்று முடியும்? தனி ஆளி இருந்தால் பெரும்பாலும் அதனோடு நின்றுவிடலாம். மொடியூலாயின் ரவுட்டரையே எட்டக்கூடும். அப்பொழுது கணக்கும் தொலைபேசியும் இணையமும் ஒருங்கே ஓயும். கொழும்பிலே மறுநாள் மாற்றுப் பொருள் கிடைக்கும். இங்கே தொழினுட்பர் வரும்வரை விற்பனைச் சீட்டைக் கையால் எழுத வேண்டியதுதான். ஆதலால் கட்டடம் விட்டுக் கட்டடம் செல்லும் வடம் ஒளியிழையாக இருத்தல் நன்று. செப்பு வடம் நூறு மீற்றருக்கு மேற் செல்லலாகாது என்பதையும் உடன் நினைவிற் கொள்க.

அப்படியானால் மொடியூல் வீணா? அல்ல. ஒரே அறையில் நாலைந்து கணினி, வெளி வடம் இல்லை, பூட்டி வைக்க ஒரே அலுமாரி, தொலைவிலுள்ள தலைமைக் கந்தோரிலிருந்து ஒருவரே யாவற்றையும் மேற்பார்க்கிறார்: இத்தகைய வங்கிக் கிளைக்கு அது மிகப் பொருத்தம். ஒரு பெட்டி, ஒரு மின்வடம், ஓர் அமைப்புக் கோப்பு. ஆலைக்கும் கூட்டுறவுக் கடைக்கும் நான் தனி ஆளியையே பரிந்துரைப்பேன். அது பழுதானால் அயற்கடையில் எந்த நிறுவனத்தின் ஆளி கிடைத்தாலும் அவசரத்துக்கு இணைத்துக்கொள்ளலாம்.

பழைய பொருட் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மொடியூல்களைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. முன்னர்க் கூறிய 1841, 2800 வரிசைகளுக்கு உற்பத்தியாளரின் ஆதரவு 2016 இல் முடிவுற்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வாரா. மாணவருக்குக் கற்பிக்கும் ஆய்வுகூடத்தில் வைத்துப் பழகலாம். பணக் கணக்கு ஓடும் இடத்தில் அவற்றை வைக்க வேண்டாம்.