நல்ல செய்தி சொன்னா 'ம்ம்... சரி'ன்னு பதில் வருதா? உறவுல அது என்ன செய்யும் தெரியுமா?

"சம்பளம் ஏத்திட்டாங்க"ன்னு சந்தோஷமா வீட்டுக்கு போன் போடுறீங்க. "அப்படியா, சரி. வரும்போது பால் பாக்கெட் வாங்கிட்டு வா" என்று பதில் வருகிறது. யாரும் திட்டவில்லை, சண்டையும் இல்லை. ஆனாலும் மனசு சப்புனு ஆயிடுது இல்லையா? இதைப் பற்றி உளவியலாளர்கள் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள்.

நடந்த நல்லதை அடுத்தவரிடம் சொல்லி, அதில் கூடுதல் மகிழ்ச்சி அடைவதற்கு 'கேப்பிடலைசேஷன்' என்று பெயர். 1994-ல் கிறிஸ்டோபர் லாங்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த அர்த்தத்தில் பயன்படுத்திய சொல் இது. கையில் இருக்கும் காசை முதலீடு பண்ணி பெருக்குற மாதிரின்னு வச்சுக்கலாம். 2004-ல் ஷெல்லி கேபிள், ஹாரி ரெய்ஸ் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. நல்ல விஷயத்தை யாரிடமாவது சொன்ன நாட்களில் மக்கள் கூடுதல் உற்சாகத்துடன் இருந்தார்கள்.

ஆனால் சொன்னால் மட்டும் போதாது. கேட்பவர் என்ன செய்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கு.

"எனக்கு காலேஜ் சீட் கிடைச்சிருச்சு" என்று பொண்ணு வந்து சொல்கிறாள். "எப்ப மெசேஜ் வந்துச்சு? பார்த்ததும் என்ன பண்ணின?" என்று ஆர்வமாகக் கேட்பது ஒரு வகை. "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்புவது இன்னொன்று. "ஹாஸ்டல் ஃபீஸ் யார் கட்டுறது?" என்று உடனே குறை தேடுவது மூன்றாவது. காதிலேயே வாங்காமல் "சாப்பிட்டியா?" என்பது நான்காவது.

இந்த நான்கில் முதல் வகை மட்டும்தான் நெருக்கமான, திருப்தியான உறவோடு சேர்ந்து காணப்பட்டது. "நல்லதும்மா" கூட தேறவில்லை என்பதுதான் ஆச்சரியம்! அந்த ஆய்வு வந்தபோது வாட்ஸ்அப் கிடையாது. இருந்திருந்தால், ஃபேமிலி குரூப்பில் நாம் தட்டிவிடும் கட்டைவிரல் எமோஜியும் இந்த இரண்டாவது வகையில்தான் சேர்ந்திருக்கும்.

2006-ல் கேபிள் குழுவினர் காதல் ஜோடிகளைப் பேச வைத்து கவனித்தார்கள். கஷ்டத்தைச் சொன்னபோது துணை எப்படி ஆறுதல் சொன்னார் என்பதைவிட, நல்ல செய்திக்கு எப்படி பதில் கொடுத்தார் என்பதே உறவின் போக்கோடு அதிகம் ஒத்துப்போனது.

ஏன் அப்படி? ஆறுதல் தேடிப் போகும்போது 'நம்மால முடியலையே' என்ற உறுத்தலும் கூடவே வரும். நல்ல செய்தியில் அந்தச் சங்கடம் இல்லை. 'என்னை இவங்களுக்குப் புரியுது' என்ற நிறைவு மட்டும் மிஞ்சும்.

நம்ம வீடுகளில் இன்னொரு சிக்கலும் இருக்கு. "கண்ணு பட்டுடும், வெளிய சொல்லாத" என்பார்கள். ஊர் முழுக்கச் சொல்ல வேண்டாம், சரி. ஆனால் அதே பயத்தில் வீட்டுக்குள்ளேயும் யாரும் முகம் மலருவதில்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லாமல் இல்லை. ஃபீஸ் கவலை நிஜமானதுதான். அதை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பேசினாலும் பேசலாமே. பொண்ணு அந்த மெசேஜை தூக்கிக்கொண்டு ஓடி வந்தது இப்போதுதான்.

பெரிதாகப் பாராட்டத் தெரியாதவர்கள் ஒரு கேள்வி கேட்டால் போதும். காலையில் "ம்ம்" சொல்லி முடித்திருந்தாலும், சாயங்காலம் "அந்த சம்பள விஷயம், மேனேஜர் எப்படிச் சொன்னார்?" என்று கேட்டுப் பாருங்கள். பால் பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.