புற்றணுவைப் பட்டினி போடும் ஊசி

தாம்பரத்துக்கு முந்தைய மின்சார ரயில் நிலையத்துக்கு 'சானடோரியம்' என்ற பெயரைத் தந்தது, 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. நெஞ்சில் நீர் கோத்து வருபவரைப் பார்த்தால் நம்மூர் மருத்துவர்களுக்கு முதலில் காசநோய்ச் சந்தேகம்தான் வரும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அபூர்வமாகச் சிலருக்கு அது மீசோதீலியோமா, அதாவது நுரையீரல் உறையில் வரும் புற்று.

இதற்கு முக்கியக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார். 1960-ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் குழுவினர் 33 நோயாளிகளை ஆராய்ந்து இந்தத் தொடர்பைக் காட்டினார்கள். மூச்சில் போன இழை, நோயாக வெளிப்பட முப்பது நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள், கல்நார்க் கூரை ஷீட் அறுத்ததை அறுத்தவரே மறந்திருப்பார்.

இந்தப் புற்றணுக்கள் பலவற்றுக்கு ஒரு குறை உண்டு. அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை நம் உடலணுக்களில் பல தாமே தயாரித்துக்கொள்ளும். அதற்கான நொதி இவற்றில் இல்லாததால் இரத்தத்தில் வருவதைத்தான் நம்பியிருக்கின்றன. பெக்ஆர்ஜிமினேஸ் என்ற மருந்து இரத்தத்திலுள்ள அர்ஜினினைச் சிதைத்துவிடுகிறது. புற்றணு பட்டினி கிடக்கிறது.

யோசனை அழகாக இருந்தால் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். லண்டன் மருத்துவர் ஷ்லோசரெக் தலைமையில் ஐந்து நாடுகளில் 249 பேர் சேர்க்கப்பட்டார்கள். அந்த நொதிக் குறை அதிகம் காணப்படும், வேகமாகப் பரவும் வகைப் புற்று உள்ளவர்கள் அவர்கள். எல்லோருக்கும் வழக்கமான கீமோதெரபி உண்டு. கூடவே வாராவாரம் ஓர் ஊசி: சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லா வெறும் ஊசி. எது யாருக்கு என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. தெரிந்தால் ஆசையே கண்ணை மறைக்கும்.

2024-ல் முடிவு வெளியானது. இடைநிலை ஆயுள், வெறும் ஊசி பெற்றவர்களுக்கு 7.7 மாதம், மருந்து பெற்றவர்களுக்கு 9.3 மாதம். ஒன்றரை மாதம்தானா என்று தோன்றும். ஆனால் மூன்றாண்டைத் தாண்டியவர்களின் விகிதம் ஏறக்குறைய நான்கு மடங்காகியிருந்தது. இந்த நோயில் அதைச் சிறிய வெற்றி என்று நான் சொல்லமாட்டேன்.

இந்தியாவில் கல்நார் இறக்குமதியும் ஷீட் தயாரிப்பும் இன்னும் நிற்கவில்லை. பழைய கூரையைப் பிரிப்பவர்கள் உடைக்காமல், தண்ணீர் தெளித்து இறக்குங்கள். மூச்சுத்திணறல் என்று மருத்துவரிடம் போனால், இளவயதில் பார்த்த வேலையையும் மறக்காமல் சொல்லுங்கள்.