கண்ணாடி நூலில் வந்த குரல்

"ராத்திரி பத்து மணிக்கு, ஜுரக் குழந்தையை விட்டுட்டு என்ன வேலைம்மா?" அத்தை கேட்டது நியாயம்தான். நான் டெலிபோன் கம்பெனியில் நெட்வொர்க் என்ஜினீயர். 2022-ல் ஒரு நாள், செஞ்சியில் சாலை தோண்டியதில் கேபிள் அறுந்து, போன்கள் ஊமையாகிவிட்டன.

கேபிளுக்குள் இருப்பது தலைமுடி போன்ற கண்ணாடி இழை. அதில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அறுந்த இடத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து மீட்டர் தூரத்தைச் சொல்லிவிடும். திருவண்ணாமலை சாலையோரம் கண்டுபிடித்து, இழைகளை உருக்கி ஒட்டினோம்.

உடனே அத்தையின் குரல்: "ஜுரம் இறங்கிடுச்சும்மா. நடுவுல டாக்டருக்குப் போன் போகாம தவிச்சுட்டேன். உன் வேலை இப்பத்தான் புரிஞ்சுது!"

சகோதரிகளே, சிக்னல் இல்லாவிட்டாலும் அவசரத்துக்கு 112-ஐ அழைத்துப் பாருங்கள். வேறு கம்பெனி கோபுரம் வழியாகவும் கிடைக்கலாம்.