47 நாள், இரண்டு ஆள் கூலி

2022இல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 14.1 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. இவர்களில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் மட்டும் சுமார் 1.92 லட்சம். நோயாளியின் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. துணைக்கு வரும் மகனோ மகளோ கணவரோ எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் வீட்டின் கையிருப்பைக் கரைப்பதில் அந்தத் துணையாளின் நாட்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

தினக்கூலிக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை முடிந்துவிட்டது. பரவலாகத் தரப்படும் சிகிச்சை முறை ஒன்றின்படி மீதி நாட்கள் இவை:

கீமோ, முதல் கட்டம்: 21 நாளுக்கு ஒருமுறை, 4 தடவை = 4 நாள்
கீமோ, இரண்டாம் கட்டம்: வாரம் ஒருமுறை, 12 தடவை = 12 நாள்
ஒவ்வொரு கீமோவுக்கும் முந்தைய நாள் ரத்தப் பரிசோதனை = 16 நாள்
கதிர்வீச்சு (ஊரில் ‘கரண்ட் வைப்பது’): வாரம் 5 நாள், 3 வாரம் = 15 நாள்
மொத்தம் = 47 நாள்

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட கூலி ரூ.336. அதையே அளவாக வைத்தால் அம்மாவின் கூலி 47 நாளுக்கு ரூ.15,792. துணைக்கு வருபவருக்கும் அதே தொகை. இரண்டும் சேர்ந்து ரூ.31,584. அறுவைக்காகத் தங்கிய நாட்களும் கீமோ ஏற்றியபின் எழுந்திருக்க முடியாமல் படுத்த நாட்களும் இதில் சேரவில்லை.

காவல் நாட்கள் தனி. முதல் கட்டக் கீமோ ஏற்றிய 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். 4 தடவைக்கும் சேர்த்தால் 32 நாள். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் ஒருவர் விழித்திருந்தாக வேண்டும்.

சாப்பாட்டுக்கும் அளவு உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம். முட்டை 2 என்றால் 12 கிராம். துவரம் பருப்பு 50 கிராமில் சுமார் 11. பால் 200 மில்லியில் 6. மீன் 100 கிராமில் சுமார் 20. ஆக 49. மீதி சோற்றிலும் இட்லியிலும் சேர வேண்டும். வாய்ப்புண் வந்த நாளில் இதைக் குழைத்து, ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதும் வீட்டு ஆளின் வேலைதான்.

மருந்துச் செலவைக் குறைக்க அரசுகள் செய்தவை குறைவல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ரூ.1.20 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு ரூ.5 லட்சம் வரை தருகிறது. 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபம் 30 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. 2025 செப்டம்பரில் 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு ஜிஎஸ்டி அறவே நீக்கப்பட்டது. அவற்றில் பல புற்றுநோய்க்கானவை. இத்தனையிலும் துணைக்கு வருபவரின் கூலிக்கென்று எதுவும் கிடையாது.

துணையாளைக் கணக்கில் எடுத்த இடம் ரயில்வே. சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் வரும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

நாட்களைக் குறைக்கவும் வழி இருக்கிறது. மார்பகத்துக்கு முன்பு 25 நாள் கதிர்வீச்சு வழக்கம். 15 நாளும் அதே பலன் தரும் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் 2008இல் காட்டின. 25 நாளில் 10 நாள் குறைந்தால் இரண்டு ஆள் கூலி ரூ.6,720 மிச்சம்; மேலே போட்ட 47 நாள் கணக்கில் இந்தக் குறைப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையைக் கீமோ நாளன்று காலையிலேயே எடுத்து முடிவும் தந்துவிட்டால் அந்த 47இலும் 16 நாள் குறையும், ரூ.10,752 மிச்சம். இரண்டாவதற்குப் புது மருந்து எதுவும் வேண்டாம். ஆய்வகம் சீக்கிரம் திறந்தால் போதும்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தமிழ்நாட்டின் புற்றுநோய் சிகிச்சை வரலாற்றில் ஒரு முக்கிய அத்தியாயமே ஒரு குடும்பத்தின் துயரத்திலிருந்து கிளம்பியது. அந்த வரலாறு குடும்பத்தை மறக்கக் கூடாது.

சிகிச்சை தொடங்கும் வீடுகளுக்குச் சொல்ல மூன்று உண்டு. முதல் நாளே மொத்தம் எத்தனை நாள் என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அந்த நாட்களை வீட்டில் மூன்று பேராவது பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் தலையிலேயே ஏற்றாதீர்கள். கதிர்வீச்சைக் குறைந்த நாட்களில் முடிக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். அரசுக்கு ஒரு கோரிக்கை: காப்பீட்டுத் திட்டத்தில் நோயாளிக்கும் துணையாளுக்கும் சிகிச்சை நாளுக்கான கூலியைச் சேர்க்க வேண்டும். கூலி போய்விடுமே என்ற பயத்தில் யாரும் சிகிச்சையைப் பாதியில் விடக் கூடாது.