ஏறாமல் இறங்கும் மலை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், உயர்மலைகளைவிட்டுப் பனி விலகியிருக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான வாரங்களில், ஒரு புதுவகைச் சுற்றுலா சூடுபிடிக்கிறது. நாலைந்து பேர் ஒரு வழிகாட்டியுடன் ஹெலிகாப்டரில் ஏறி, 2,000 மீட்டருக்கும் மேலே ஒரு மலைமுகட்டில் போய் இறங்குகிறார்கள். அவர்களுடைய மலைச் சைக்கிள்கள் ஹெலிகாப்டரின் வெளிச்சட்டத்தில் மாட்டப்பட்டோ, வலையில் கட்டித் தொங்கவிடப்பட்டோ கூடவே வந்து சேர்கின்றன. சைக்கிள்களைத் தரையில் படுக்கப்போட்டு, இறக்கைக் காற்றில் அவை புரண்டுவிடாதபடி அமுக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரும் குனிந்து உட்கார, ஹெலிகாப்டர் எழும்பிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் ஒற்றையடித் தடத்தில் நீண்ட இறக்கம். இரவு ஏரிக்கரைக் கூடாரத்திலோ மரக்குடிலிலோ தங்கல். மறுநாள் வேறொரு முகடு. செல்கர்க் தொடரில் இதுவே ஒரு தொழிலாக வளர்ந்திருக்கிறது. தெற்கு சில்கோட்டின் மலைகளில் மிதவை விமானத்தில் ஏரியில் வந்திறங்கி அங்கிருந்து சைக்கிளில் கிளம்புவதும் உண்டு. இது காட்டுக்குக் கேடா, இல்லையா என்ற வாக்குவாதம் பெரும்பாலும் இரண்டு குற்றச்சாட்டுகளைச் சுற்றியே நடக்கிறது: டயர் மண்ணைக் கிழிக்கிறது, ஹெலிகாப்டர் எரிபொருளைக் குடிக்கிறது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் முதன்மையான கேடு வேறிடத்தில் இருக்கிறது. ஹெலிகாப்டர் மலையிலிருந்து ஏற்றத்தை எடுத்துவிடுகிறது. எத்தனை பேர், எவ்வளவு தூரம், நாளின் எந்த நேரத்தில் அந்த உயரத்துக்குப் போக முடியும் என்பதை இதுநாள்வரை அளந்து கொடுத்துக்கொண்டிருந்தது அந்த ஏற்றம்தான்.

முதலில் எரிபொருள் கணக்கு. ஓட்டுபவரும் சைக்கிளும் மூட்டையும் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை 1,000 மீட்டர் உயர்த்த இயற்பியல் கேட்கும் ஆற்றல் ஏறக்குறைய 10 லட்சம் ஜூல்தான். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு போதும். ஐந்து பேரை ஏற்றும் ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டர் மணிக்குச் சுமார் 180 லிட்டர் எரிபொருளைச் செலவழிக்கிறது. போக வர கால் மணி நேரம் என்றால் 45 லிட்டர். தலைக்கு 9 லிட்டர். அதில் அடங்கிய ஆற்றல் 30 கோடி ஜூலுக்கும் மேல். அதாவது ஒருவர் பெறும் உயரத்துக்குத் தேவையானதைப்போல ஏறத்தாழ 300 மடங்கு செலவாகிறது. காற்றைக் கீழே தள்ளித் தள்ளியே அந்தரத்தில் நிற்க வேண்டிய இயந்திரத்துக்கு இந்த ஊதாரித்தனம் தவிர்க்க முடியாதது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால் மேலே அதன் பாடு இன்னும் கடினம். ஆனாலும் கரியமில வாயுவாகப் பார்த்தால் தலைக்கு 23 கிலோ அளவில்தான் வருகிறது. சைக்கிள்களுக்குத் தனியாக ஒரு நடை பறந்தால் அது இரட்டிப்பாகும். ஒரு கார் 10 லிட்டர் பெட்ரோல் எரித்தால் வெளிவிடுவதும் 23 கிலோதான். வான்கூவரிலிருந்து சில்கோட்டின் மலையடிவாரத்துக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் மலைச்சாலையில் ஓட்டிவர வேண்டும். ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் வருகிறவரின் கணக்கில் பல நூறு கிலோ ஏற்கெனவே ஏறியிருக்கும். புவி வெப்பமாவதைக் காட்டி ஹெலிகாப்டரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது, பயணத்தின் மிகச் சிறிய துண்டைப் பிடித்துக்கொண்டு பெரிய துண்டை விட்டுவிடுவதாகும்.

டயர் விஷயத்தில் நாற்பதாண்டுகளாக நடக்கும் சச்சரவுக்குச் சோதனைகள் ஓரளவு விடை சொல்லியிருக்கின்றன. 1994இல் வில்சன், செனி என்ற இருவர் அமெரிக்காவின் மொன்டானா மலைத்தடங்களில் நடப்போர், குதிரை, மோட்டார் சைக்கிள், சைக்கிள் ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். மண்ணைப் பெயர்த்து அரிப்புக்குக் கொடுப்பதில் சக்கரங்களைவிடக் குளம்புகளும் கால்களுமே முந்தி நின்றன. கனடாவின் ஒன்டாரியோவில் தர்ஸ்டன், ரீடர் இருவரும் இலையுதிர் காட்டில் தடமே இல்லாத இடத்தைத் தேர்ந்து, ஒரே கீற்றில் 500 முறை வரை சைக்கிளும் ஓட்டி, நடந்தும் பார்த்தார்கள். 2001இல் வெளியான முடிவு: செடிகள் அழிந்தன, மண் வெளியே தெரிந்தது, ஆனால் காலுக்கும் சக்கரத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஓராண்டில் செடிகள் மீண்டும் வந்துவிட்டன. சைக்கிள் சங்கங்கள் இந்த முடிவை விரும்பி எடுத்துக்காட்டுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சோதனை நடந்தது தாழ்நிலக் காட்டில். மரக்கோட்டுக்கு மேலே விஷயம் தலைகீழ். கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் சூழலியலாளர் பியாட்ரிஸ் வில்லார்ட் 1950களின் இறுதியில் மிதிபட்ட உயர்மலைப் புல்வெளித் துண்டுகளைத் தடுத்துவைத்துக் கவனிக்கத் தொடங்கினார். மோசமாகச் சிதைந்த இடங்கள் முழுதாகத் தேற நூற்றுக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகலாம் என்பது அவர் கணிப்பு. வளரும் பருவமே சில வாரங்கள்தான் என்றால் வேறு எப்படி இருக்கும்? கீழே ஓராண்டில் ஆறும் காயம் மேலே பல தலைமுறைக் கணக்கு. கூடவே, ஏறாமல் பெற்ற அந்த 10 லட்சம் ஜூலும் கீழே வருவதற்குள் எங்காவது செலவாகியே தீர வேண்டும். ஒரு பகுதியைக் காற்றுத் தடை எடுத்துக்கொள்கிறது. பெரும்பகுதி, இரண்டு மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள எஃகு பிரேக் வட்டுகளில் வெப்பமாகிறது. நீண்ட இறக்கத்தின் முடிவில் அந்த வட்டு விரலைச் சுட்டுவிடும். பலமுறை காய்ந்த வட்டில் நீலமும் பழுப்புமாக நிறம் ஏறியிருப்பதைப் பார்க்கலாம். பிரேக்கை இறுக்கிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும் இடங்களில்தான் தடம் வாய்க்காலாகிறது. நல்ல வழிகாட்டிகள் முதல் நாளே கற்றுக்கொடுப்பதும் சக்கரம் பூட்டாமல் பிரேக் பிடிக்கும் பழக்கத்தைத்தான். ஆகவே மண்ணைப் பொறுத்தவரை, சக்கரமா காலா என்று கேட்பதைவிட எந்த உயரத்தில், எத்தனை முறை என்று கேட்பதே சரி. அந்த இரண்டையும் மாற்றுவது ஹெலிகாப்டர்.

விலங்குகளிடம் வரும்போது சான்று இன்னும் கூர்மையாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் கா ரிட்ஜ் என்ற முகட்டில் வாழும் வெள்ளை மலையாடுகளை ஸ்டீவ் கோட்டே ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். ஹெலிகாப்டர் பறந்த தடவைகளில் 58 விழுக்காடு ஆடுகளைக் கலைத்தன. ஹெலிகாப்டர் 500 மீட்டருக்குள் வந்தபோது, நூற்றுக்கு 85 தடவை ஆடுகள் 100 மீட்டருக்கு மேல் இடம்பெயர்ந்தன. 1,500 மீட்டருக்கு அப்பால் பறந்தபோது இது நூற்றுக்கு ஒன்பதாகக் குறைந்தது. மலையாட்டுப் பாறைகளைச் சுற்றி 2 கிலோமீட்டர் விலக்கு வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தது இந்த எண்களிலிருந்துதான். மலையாட்டின் தற்காப்பே செங்குத்துப் பாறைதான். கீழிருந்து எதிரி வந்தால் அது மேலே ஒதுங்கிக்கொள்ளும். குட்டிகளைப் பொன்னிறக் கழுகு மேலிருந்து தாக்குவதும் உண்டு என்பதால் வானத்திலிருந்து வருவதை அது சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது 1982இல் வெளியான மற்றொரு ஆல்பர்ட்டா ஆய்வு. மெக்ஆர்தர் குழுவினர் பெருங்கொம்பு மலைச்செம்மறிகளின் உடலில் இதயத்துடிப்பை வானொலி வழி அனுப்பும் கருவிகளைப் பொருத்தினார்கள். 400 மீட்டருக்கு அப்பால் பறந்த ஹெலிகாப்டர்களுக்கு அந்த விலங்குகள் அசையவேயில்லை. அவற்றை மிகவும் பதறவைத்தவை இரண்டு: நாயுடன் வரும் மனிதர், முகட்டைத் தாண்டித் திடீரென மேலே தோன்றும் மனிதர். முகட்டில் இறக்கிவிடப்பட்ட சைக்கிள்காரர்கள் இந்த இரண்டாவது வகையில் அப்படியே பொருந்துகிறார்கள். இந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: வெளியே சலனமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்த சில வேளைகளிலும் உள்ளே துடிப்பு எகிறியிருந்தது. ஆடுகள் பழகிவிட்டன, ஓடுவதில்லை என்று பயணம் நடத்துவோர் சொல்வதை முழுதாக ஏற்க முடியாததற்கு இதுவே காரணம். அலாஸ்காவில் மலையாடுகளின் பதற்றம் இடத்துக்கு இடம் வேறுபட்டது உண்மைதான். ஓடாமல் நிற்பதை வைத்து அமைதி என்று முடிவுகட்ட மட்டும் முடியாது.

சில்கோட்டின் மலைகளிலேயே நடந்த ஆய்வும் உண்டு. ராபின் நாய்டூ, கோல் பர்ட்டன் இருவரும் தெற்கு சில்கோட்டின் தடங்களில் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தி, விலங்குகளும் மனிதர்களும் கடந்துபோன நேரங்களைப் பதிவுசெய்து 2020இல் வெளியிட்டார்கள். எந்த விலங்கு எங்கே இருக்கிறது என்பதைப் பொதுவாக முடிவுசெய்வது சுற்றுலாவைவிட நிலத்தின் இயல்புதான் என்று அவர்கள் கண்டதை மறைக்கக் கூடாது. ஆனால் நேரத்தை நுணுக்கமாகப் பார்த்தபோது, எல்லா விலங்கினங்களும் மனிதர் கடந்த தடத்தைத் தவிர்த்தன. அந்தத் தவிர்ப்பு மலைச் சைக்கிளுக்கும் மோட்டார் வாகனங்களுக்கும் மிக அதிகமாக இருந்தது. மண்ணில் காலுக்குச் சமமான சக்கரம், விலங்கின் கண்ணில் சமமாக இல்லை. காரணம் வேகமாக இருக்கலாம் என்று கருத இடமுண்டு. 2016 ஜூனில் மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு அருகே காட்டுத்தடத்தில் வேகமாக வந்த சைக்கிள்காரர் ஒருவர் கிரிஸ்லி கரடிமீது மோதி, அது தாக்கியதில் உயிரிழந்தார். அவருக்கும் கரடிக்கும் கிடைத்த அவகாசம் ஓரிரு விநாடிகள்தான்.

இங்கேதான் ஏற்றத்தின் பங்கு தெளிவாகிறது. யூட்டாவின் ஆன்டிலோப் தீவில் காட்டெருமை, மான், பிராங்ஹார்ன் ஆகியவற்றை வைத்து டெய்லரும் நைட்டும் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், சில்கோட்டின் முடிவுக்கு மாறாக, நடப்பவரைக் கண்டு ஓடுவதற்கும் சைக்கிளைக் கண்டு ஓடுவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் சைக்கிள் அதே நேரத்தில் அதிகத் தூரம் போவதால், ஒரு நாளில் அது சந்திக்கும் விலங்குகள் கூடலாம் என்று அவர்களே எச்சரித்தார்கள். ஏற்றம் இருக்கும்வரை இந்தக் கூடுதலுக்கு ஒரு கடிவாளம் இருந்தது. சைக்கிளைத் தள்ளியும் மிதித்தும் 1,000 மீட்டர் ஏறத் தேர்ந்தவருக்கே மூன்று மணி நேரம்போல ஆகும். முகட்டைத் தொடும்போது உச்சி வெயில். ஒரு இறக்கத்தோடு அன்றைய பொழுது முடிந்துவிடும். ஹெலிகாப்டர் அந்த மூன்று மணி நேரத்தைச் சில நிமிடங்களாக்குகிறது. ஒரே நாளில் இரண்டு மூன்று முகடுகள் சாத்தியமாகின்றன. விலங்குகள் மேயும் அதிகாலையிலேயே மனிதர் உச்சியில் நிற்கலாம். மெதுவாக, கீழிருந்து, வெகு தூரத்திலேயே கண்ணில் பட்டு வரும் மனிதர் திடீரென்று மேலிருந்து வேகமாக வருகிறார். தூரம், நேரம், திசை மூன்றும் ஒரே சமயத்தில் மாறுகின்றன. சைக்கிளைத் தனியாகவும் ஹெலிகாப்டரைத் தனியாகவும் எடுத்துச் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தனித்தனியே வாசித்து இரண்டும் தாங்கக்கூடியவை என்று சொல்லிவிடலாம். இரண்டும் சேரும்போது பிறக்கும் இந்த மாற்றம் அந்த வாசிப்பில் நழுவிவிடுகிறது.

இதற்கு வரும் வலுவான மறுப்பு எண்ணிக்கை பற்றியது. இந்தப் பயணம் விலை உயர்ந்தது, வருகிறவர்கள் சொற்பம், வழிகாட்டி உடனிருக்கிறார், ஒரு கோடையில் புகழ்பெற்ற நடைபாதையில் போகும் கூட்டத்தில் இது எந்த மூலைக்கு என்கிறார்கள். வழிகாட்டியோடு போகும் சிறு குழு, தானாக அலையும் கூட்டத்தைவிட ஒழுங்கானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அரசு நிலத்தில் தொழில் நடத்த அனுமதி வாங்க வேண்டியிருப்பதால், தவறினால் கேள்வி கேட்க ஓர் ஆளாவது இருக்கிறார். 2016இல் லார்சன் குழுவினர் 274 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மோட்டார் வாகனங்களைவிட மோட்டார் இல்லாத பொழுதுபோக்குகளே விலங்குகளுக்குக் கேடு செய்ததற்கு அதிகச் சான்று கிடைத்தது என்பதையும் மறுப்பவர்கள் தரப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு முகட்டில் குட்டியோடு நிற்கும் ஆட்டு மந்தைக்கு, ஆண்டு முழுக்க எத்தனை பயணிகள் வந்தார்கள் என்ற கணக்கு பொருட்டல்ல. 500 மீட்டருக்குள் பறந்ததா இல்லையா என்பதே பொருட்டு. அதுபோக, கூட்டமான நடைபாதையை விலங்குகள் அறிந்து ஒதுங்கி வாழ்கின்றன. ஹெலிகாப்டர் தேடிப் போவது அவை ஒதுங்கிய இடங்களை. இன்னொரு மறுப்பு மனிதரைப் பற்றியது, அது என்னை உண்மையிலேயே யோசிக்கவைப்பது: ஏற்றத்தை அளவுகோலாக்கினால் மூட்டுவலிக்காரருக்கும் முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் மலை மூடப்படாதா? மூடப்படும். எனவே ஏற்றத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வது என் வாதமல்ல. அது செய்துவந்த வேலையை விதிகள் செய்ய வேண்டும் என்பதே வாதம். மின்சைக்கிள்கள் அதே ஏற்றத்தைச் சத்தமில்லாமல் அழித்துக்கொண்டிருக்கும்போது இது ஹெலிகாப்டரோடு நிற்கும் பிரச்சினையும் அல்ல.

எந்த விதிகள் என்பதைச் சான்றுகளே காட்டுகின்றன. மலையாட்டுப் பாறைகளிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர் விலகிய பறக்கும் பாதை. பாறைக்கும் பாதைக்கும் நடுவே ஒரு மலைத்தோள் மறைவாக இருந்தால் இன்னும் நல்லது. இறங்குமிடம் முகட்டின் உச்சியில் இல்லாமல், சற்றுக் கீழே, செடியில்லாத சரளை நிலத்தில். காலை முதல் சில மணி நேரம் பறக்கத் தடை. ஒரு முகட்டில் ஒரு நாளைக்கு ஒரே இறக்கம். மலையாடுகள் குட்டி ஈனும் மே நடுவிலிருந்து ஜூன் வரையிலும் அதையடுத்துச் சில வாரங்களும் முழு விலக்கு. நம் பக்கத்தில் மூணாறுக்கு மேலே இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில் ஆண்டுதோறும் மூடிவைக்கிறார்களே, அதே முறைதான். இவற்றில் சில ஏற்கெனவே வழிகாட்டு நெறிகளாக இருக்கின்றன; நெறி காகிதத்தில் இருப்பதற்கும் விமானி அந்தக் காலையில் எந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போனார் என்பதற்கும் இடையில்தான் இடைவெளி. வணிக ஹெலிகாப்டர்களில் செயற்கைக்கோள் வழி இருப்பிடம் காட்டும் கருவி இன்று சாதாரணம். தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அந்தப் பறத்தல் பதிவுகளை வனவிலங்குத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்தால், மலையாடுகளின் கழுத்துப்பட்டைக் கருவிகள் தரும் பதிவுகளோடு அவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். எந்தத் தூரம் போதும், எந்த முகட்டை விட்டுவிட வேண்டும் என்பதை அதன்பிறகு அந்தந்த மலையின் தரவைக் கொண்டே முடிவுசெய்ய முடியும்.