2147483647

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 என்ற எண்ணின் பத்து இலக்கங்களில் எந்த ஒழுங்கும் தென்படாது. கணிப்பொறி கையாளும் இரும முறையில் எழுதினாலோ, இடையில் ஒரு சுழியம்கூட இல்லாமல் வரிசையாக 31 ஒன்றுகள். 2-இன் 31ஆம் அடுக்கைவிட இது ஒன்று குறைவு, அதாவது 2³¹ − 1. இதன் சிறப்புகள் பெரும்பாலும் அந்த ஒரு வடிவத்திலிருந்தே கிளைக்கின்றன.

இது ஒரு பகா எண். 2-இன் அடுக்குக்கு ஒன்று குறைவான பகா எண்கள், 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் பெயரால் அழைக்கப்படுகின்றன. 3, 7, 31, 127 எனத் தொடங்கும் அந்த வரிசையில் இது எட்டாவது. 1644இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 67, 257 ஆகிய அடுக்குகள் பிழை, 31 சரி. அடுக்கான 31-உம் மெர்சென் பகா எண்ணே என்பதால், இதற்கு இரட்டை மெர்சென் என்ற தகுதியும் உண்டு. அப்படிப்பட்டவை இதுவரை நான்குதான் தெரியும்.

இது பகா எண்தான் என்று 1772இல் நிறுவியவர் ஆய்லர்; அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது. பகு எண் எதற்கும் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகா வகுத்தி இருந்தாக வேண்டும். இங்கே வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதற்குள் நாலாயிரத்துக்கும் அதிகமான பகா எண்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சோதிக்கத் தேவையில்லை. அடுக்கு 31 என்பதால், வகுத்தி எதுவானாலும் 62-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கையில் மீதி 1 அல்லது 63 தரும் பகா எண்கள் மட்டுமே மிஞ்சும். அவை நூற்றுக்கும் குறைவு. ஒன்றும் வகுக்கவில்லை. பல பத்தாண்டுகள் வரை அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண் இதுவே.

யூக்ளிட் காட்டிய வழியில் இதை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்ற எட்டாவது நிறைவெண் கிடைக்கும். 6, 28 போல, தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டலுக்குச் சமமான எண் அது. இதைவிடப் பெரிய நிறைவெண் ஒருநாளும் கண்டுபிடிக்கப்படாது என்று 1811இல் பீட்டர் பார்லோ எழுதினார். 1876இல் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவியதும் அந்தக் கணிப்பு பொய்த்தது.

8-ஆல் வகுத்தால் மீதி 7 வருவதால், இதை மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது, நான்கு வேண்டும். 2147483645-ஐ 5-உம் 2147483649-ஐ 3-உம் வகுப்பதால் இதற்கு இரட்டைப் பகா எண் துணையும் இல்லை.

32 இருமங்களில் ஒன்றைக் குறிக்கு ஒதுக்கும் கணிப்பொறிகளில் கொள்ளக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுதான். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இப்படி எண்ணும் பழைய மென்பொருள்கள் 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8:44:07-க்கு உச்சத்தைத் தொடும். அடுத்த நொடியில் அவற்றின் கணக்கு 1901-க்குப் போய்விடும்.

சமவாய்ப்பு எண்களை உருவாக்கவும் இது பயன்படுகிறது. ஓர் எண்ணை 16807-ஆல் பெருக்கி 2147483647-ஆல் வகுத்து மீதியை எடுப்பதும், அந்த மீதியை மறுபடி அப்படியே செய்வதும்தான் முறை. வகுக்கும் எண் பகா எண் என்பதாலும் 16807 அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கப்பட்டதாலும், 1 முதல் 2147483646 வரை ஒவ்வோர் எண்ணும் ஒருமுறை வந்த பிறகே வரிசை தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்.