35 என்பது யாருக்கான இலக்கு?

காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம் நடந்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் எங்கள் தெரு அக்கா ஒருவர், தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். வகுப்பாசிரியர் மரியாதையாகவே பேசினார். மேசையில் ஒரு பதிவேடு இருந்தது. அக்கா மகளின் பெயருக்கு நேராகக் கணக்குப் பாடத்தில் 27. கடைசிக் கட்டத்தில் 'இலக்கு' என்ற தலைப்பின் கீழ் 35.

"கவலைப்படாதீங்கம்மா, பாஸ் பண்ண வச்சிடுவோம்" என்றார் ஆசிரியர். அக்காவுக்குப் பெரிய நிம்மதி. பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்: "மாமா, முப்பத்தஞ்சு எடுத்தா பதினொண்ணுல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் குடுப்பாங்களா?"

எனக்குப் பதில் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

அந்த 35 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு, முதல் இடைப்பருவத் தேர்வு மதிப்பெண்களை வைத்து வகுப்பைப் பிரிக்கிறார்கள்: நன்றாகப் படிப்போர், சராசரி, மெல்லக் கற்போர். அதன்பின் காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு என ஒவ்வொன்றின் மதிப்பெண்ணும் பதிவேட்டில் ஏறுகிறது. தலைமை ஆசிரியர் அதைப் பார்க்கிறார். மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் பள்ளி வாரியாக, பாட வாரியாகத் தேர்ச்சி விழுக்காடு கேட்கப்படுகிறது. குறைந்தால் ஆசிரியர் விளக்கம் சொல்ல வேண்டும்.

சிக்கல் அந்த விழுக்காட்டில்தான் இருக்கிறது. 34 எடுக்கும் பிள்ளை 35 எடுத்தால் பள்ளியின் தேர்ச்சிக் கணக்கில் ஒருவர் கூடுகிறார். 50 எடுக்கும் பிள்ளை 75 எடுத்தால் அந்தக் கணக்கில் எதுவும் கூடுவதில்லை. எனவே கடைசி வரிசைப் பிள்ளைக்கு 35 இலக்காகிறது. நடு வரிசைப் பிள்ளைக்கு இலக்கே இல்லாமல் போகிறது.

கணக்கு வினாத்தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் வினா 14. வடிவியலும் வரைபடமும் தலா 8 வீதம் 16. சேர்த்தால் 30. இரண்டு மதிப்பெண் வினா மூன்று எழுதினால் 36. மெல்லக் கற்போருக்கான மாலை வகுப்பில் பெரும்பாலும் இதைத்தான் திரும்பத் திரும்பப் பயிற்றுவிக்கிறார்கள். பிள்ளை தேறிவிடும், உண்மைதான். ஆனால் இயற்கணிதமும் முக்கோணவியலும் கைக்கு வந்திருக்காது. பதினொன்றாம் வகுப்புக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நானும் அந்தப் பட்டியலில் இருந்தவன்தான். எங்கள் காலத்தில் அதற்கு 'பார்டர்' என்று பெயர். வட்டமும் தொடுகோடும் வரைந்தே கரையேறினேன். பதினொன்றில் கணக்குப் பிரிவு கேட்டபோது, "உன் மார்க்குக்கு இது சரிப்படாதுப்பா" என்று வேறு பிரிவில் சேர்த்தார்கள். அதுவரை எனக்கு யாரும் சொல்லித் தராத பாடங்களுக்கான தண்டனை அது என்று புரிய எனக்குப் பத்து வருடம் ஆனது.

நம் பிள்ளைகள் இந்தப் பட்டியலில் வந்து நிற்பதற்கு எல்லா இடத்திலும் ஆசிரியரின் சாதிப் பார்வையே காரணம் என்று சொல்ல மாட்டேன். அப்படி நடக்கும் இடங்களும் உண்டு. ஆனால் ஓரவஞ்சனை இல்லாத ஆசிரியரின் பதிவேட்டிலும் இதே நிலை வருகிறது. பெற்றோர் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் மாதங்களில் பிள்ளையின் வருகை குறைகிறது. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லை, டியூஷனுக்குப் பணமில்லை. இவ்வளவும் சேர்ந்த விளைவு 27 என்ற எண்ணாகப் பதிவேட்டில் ஏறுகிறது. ஏறியபின் அது பிள்ளையின் திறமை ஆகிவிடுகிறது.

அந்த எண் பள்ளிக்குள்ளேயே நின்றுவிடும் என்றும் நம்ப முடியாது. 2020-ல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டு மதிப்பெண் வழங்கினார்கள். எல்லோரும் தேர்ச்சி. ஆனால் கடைசி மூன்று மாதம் படித்து முன்னேறலாம் என்றிருந்த பிள்ளைக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் போனது. சூளைக்குப் போன மாதங்களின் விடுப்பும் மதிப்பெண்ணில் கழிந்தது.

அண்ணல் அம்பேத்கர் 1907-ல் மெட்ரிகுலேசன் தேறியபோது எடுத்த மதிப்பெண் 750-க்கு 282. நூற்றுக்கு 38 கூட இல்லை. இன்றைய பதிவேட்டில் அவர் பெயர் எந்தப் பட்டியலில் இருந்திருக்கும்? அன்று அவருடைய மக்கள் அதைக் கூட்டம் போட்டுக் கொண்டாடினார்கள், மேலே படிக்கவும் வழி பிறந்தது. 1923-ல் லண்டனில் அவர் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

பெற்றோர் செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, 'பாஸ் ஆயிடுமா?' என்று கேட்பதை நிறுத்துங்கள். பதினொன்றில் பிள்ளை எந்தப் பிரிவு கேட்கிறது, அதற்கு எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு, காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் இடையில் எந்தெந்தப் பாடப்பகுதி சொல்லித் தரப்படும் என்று எழுதி வாங்குங்கள். மூன்று, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். தேர்ச்சி விழுக்காட்டோடு, 60-க்கு மேல் எடுத்தவர் எத்தனை பேர், அதில் காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் அங்கே கேட்கலாம்.

அடுத்த வாரம் அக்காவும் நானும் மறுபடி பள்ளிக்குப் போனோம். இந்த முறை அக்காவே பேசினார்: "சார், அவ கம்ப்யூட்டர் படிக்கணும்னு சொல்றா. முப்பத்தஞ்சு பத்தாதாமே?" ஆசிரியர் சற்று நேரம் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 35-ஐ அடித்துவிட்டு, அரையாண்டுக்கு 45, பொதுத்தேர்வுக்கு 65 என்று எழுதினார். "இயற்கணிதத்துல இருந்து ஆரம்பிக்கணும்மா. தினமும் சாயங்காலம் நிக்கணும்" என்றார்.

அவள் நிற்கிறாள். கடைசிப் பேருந்து போய்விட்டால் அக்கா போய் அழைத்து வருகிறார். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அது முடிந்ததும் பதிவேட்டைப் பார்க்க மறுபடி போவோம்.